பட்டன் பேட்டரி சென்சார்களும் ஒட்டுக்கேட்பும்: மின்சாரம் எங்கே செலவாகிறது?

#1 மின்மினி

வணக்கம் நண்பர்களே. ஒரு கட்டிடத்துக்குள் வைக்கச் சின்னச் சின்ன சென்சார்கள் செய்துகொண்டிருக்கிறோம். அறை வெப்பநிலை, கதவு திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் உண்டா, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில் ஓட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.15.4 ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சிறு தகவல் அனுப்பும் தரம்). நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் (நடமாட்ட சென்சார் மட்டும் ஆள் வந்தால் அனுப்பும்), உள்ளே 10 பைட் தகவல். இவற்றைக் கேட்டுச் சேகரிக்கும் கேட்வே மட்டும் மின் இணைப்பில் இருக்கிறது.

இதுவரை எல்லாமே குறியாக்கம் இல்லாமல் போகிறது. வெளியே யாராவது ஒரு சாதாரண ரிசீவரை வைத்தால் முழுதும் படிக்கலாம். இதை மூட வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எப்படி என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒருவர், ஏஇஎஸ் என்ற பொதுவான குறியாக்கம் போட்டால் பேட்டரி ஆயுள் பாதியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, குறியாக்கமே வேண்டாம், ரேடியோ மட்டத்திலேயே செயற்கை இரைச்சல் கலந்து ஒட்டுக்கேட்பவரைக் குழப்பலாம், அதுதான் சிக்கனம் என்கிறார். யார் சொல்வது சரி?

#2 கீழ்நிலைபிட்

இரைச்சல் விஷயத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். ‘பாதி ஆயுள்’ என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சிஆர்2032-இல் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி, 3 வோல்ட். ஏறத்தாழ 2,400 ஜூல். உங்கள் கையிருப்பு இவ்வளவுதான்.

802.15.4 இந்த அலைவரிசையில் வினாடிக்கு 250 கிலோபிட் அனுப்பும். ஒரு பைட் காற்றில் போக 32 மைக்ரோவினாடி. அனுப்பும்போது ரேடியோ 5 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், 15 மில்லிவாட். ஆக ஒரு பைட்டை அனுப்ப அரை மைக்ரோஜூல்.

இப்போது ஏஇஎஸ். சிப்பில் அதற்கென்று தனிச் சுற்று இருந்தால் (இந்த வகை ரேடியோ சிப்களில் பெரும்பாலும் இருக்கும்) செலவு பேசும் அளவுக்கே வராது. இல்லை, மென்பொருளில்தான் ஓட்டுகிறோம் என்றாலும் 16 பைட் கொண்ட ஒரு பிளாக்குக்கு 2,000 சுழற்சி என்று தாராளமாகக் கொடுப்போம். 64 மெகாஹெர்ட்ஸில் 31 மைக்ரோவினாடி. புராசசர் 10 மில்லிவாட் எடுத்தால் 0.3 மைக்ரோஜூல். மறைப்பதையும் சரிபார்ப்பதையும் சேர்த்துச் செய்யும் சிசிஎம் முறையில் உங்கள் 10 பைட் பாக்கெட்டுக்கு ஏஇஎஸ் ஆறு முறை ஓடும் என்றால் 2 மைக்ரோஜூலுக்குக் கொஞ்சம் குறைவு.

இதைவிட அதிகம் செலவாவது குறியாக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் பைட்டுகளுக்கு. பாதுகாப்புத் தலைப்பு குறைந்தது 5 பைட், அதில் 4 பைட் கவுண்டர் (பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏறும் எண்). பாக்கெட்டை யாரும் வழியில் மாற்றவில்லை என்று காட்டும் எம்ஐசி 8 பைட். மொத்தம் 13 பைட், 6.5 மைக்ரோஜூல். இரண்டையும் சேர்த்தால் பாக்கெட்டுக்கு 8.5 மைக்ரோஜூல். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 1,440 பாக்கெட், 12 மில்லிஜூல்.

அப்புறம் இதையும் பாருங்கள். உங்கள் சென்சார் தூங்கும்போது 2 மைக்ரோஆம்பியர் இழுத்தால், அது மட்டுமே நாளைக்கு 518 மில்லிஜூல். குறியாக்கத்தின் மொத்தச் செலவு, சும்மா தூங்கும் செலவில் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே. ‘பாதி ஆயுள்’ எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் வேறு எதையோ அளந்திருப்பார்.

#3 கேள்விக்குறி

கணக்கெல்லாம் சரி. ஆனால் அறை 27 டிகிரியில் இருக்கிறது என்பதை ஒட்டுக்கேட்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட வேண்டுமா?

#4 மின்மினி

@கேள்விக்குறி, வெப்பநிலையை விடுங்கள். கதவும் நடமாட்டமும் சேர்ந்தால் எந்த அறையில் எந்நேரம் ஆள் இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்பவர் எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறார். அதனால் அவர் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது.

@கீழ்நிலைபிட், நன்றி. எங்கள் சிப்பில் ஏஇஎஸ் சுற்று இருக்கிறது. எம்ஐசி-யை விட்டுவிட்டு மறைப்பது மட்டும் செய்தால் 8 பைட் மிச்சம்தானே? ஒட்டுக்கேட்பை மட்டும்தான் தடுக்கப் பார்க்கிறோம்.

#5 கீழ்நிலைபிட்

வேண்டாம். சிசிஎம்-இல் மறைக்கும் பகுதி கவுண்டர் முறை. சாவியிலிருந்து ஒரு பிட் ஓடை பிறக்கிறது, அது தகவலோடு எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1) ஆகிறது, அவ்வளவே. எம்ஐசி இல்லாவிட்டால் எதிராளி ஒரு பிட்டைப் புரட்டி அனுப்பலாம். ‘கதவு மூடியிருக்கிறது’ என்பது ‘திறந்திருக்கிறது’ ஆகிவிடும், அவருக்குச் சாவி தெரியவே வேண்டாம். மாற்றிய பாக்கெட்டை அனுப்பிவிட்டுக் கேட்வே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பதை ஊகிக்கவும் வழி உண்டு. ரொம்பச் சிக்கனம் வேண்டுமென்றால் 4 பைட் எம்ஐசி வையுங்கள். சிக்கன ரேடியோக்களான புளூடூத் எல்இ-யும் தொலைதூர லோராவானும் 4 பைட்தான் வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே போகாதீர்கள்.

#6 அலைநீளம்

இரைச்சல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் கட்டுரைகள் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காகவே கொஞ்சம் கறாராகவும் பேச வேண்டியிருக்கிறது.

1975-இல் ஆரன் வைனர் ஒரு விஷயத்தை நிரூபித்தார். ஒட்டுக்கேட்பவரின் தடம் (அவருக்குச் சிக்னல் வரும் ரேடியோ வழி) உங்கள் நண்பரின் தடத்தைவிட மோசமாக இருந்தால், சாவியே இல்லாமல் ரகசியமாகப் பேச முடியும். 1978-இல் லியுங்-யான்-சியோங், மார்ட்டின் ஹெல்மேன் இருவரும் (ஆமாம், டிஃபி-ஹெல்மேன் சாவிப் பரிமாற்றத்தில் வரும் அதே ஹெல்மேன்) வழக்கமான வெள்ளை இரைச்சல் தடத்துக்கு அதைக் கணக்காக்கினார்கள். ரகசிய வேகம் என்பது நம் தடத்தின் கொள்ளளவிலிருந்து (பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்ச வேகம்) அவர் தடத்தின் கொள்ளளவைக் கழித்தால் வருவது.

இங்கே எண் போட்டுப் பார்ப்பது நல்லது. நமக்குச் சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு, அவருக்கு 10 மடங்கு என்று வையுங்கள். இரண்டு கொள்ளளவுகளின் (அடி 2 மடக்கைக் கணக்கு) வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 3.2 பிட். சரி, அனுப்பும் ஆற்றலை இரட்டிப்பாக்குவோம். நமக்கு 200, அவருக்கு 20. ரகசிய வேகம் 3.26. இரண்டு மடங்கு மின்சாரம், 0.06 பிட் லாபம். எவ்வளவு ஊற்றினாலும் 3.32-ஐத் தாண்டாது, ஏனென்றால் ஆற்றல் கூடக்கூட அவருக்கும் நன்றாகக் கேட்கிறது. எதிர்ப்பக்கம் போங்கள். ஆற்றலைப் பத்தில் ஒன்றாக்கினால் நமக்கு 10, அவருக்கு 1. அப்போதும் 2.46 பிட் கிடைக்கிறது. ஒரு ஜூலுக்கு எத்தனை ரகசிய பிட் என்று பார்த்தால் மெல்லப் பேசுபவர்தான் ஜெயிக்கிறார். உங்கள் குழு நண்பர் ‘சிக்கனம்’ என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான், காகிதத்தில் அது உண்மையும்கூட.

இரண்டு இடத்தில் இது உடைகிறது. முதலாவது, கதிர்வீசும் ஆற்றல் வேறு, பேட்டரி கொடுக்கும் ஆற்றல் வேறு. என்ஆர்எஃப்52832 என்ற ரேடியோ சிப்பின் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். 0 டிபிஎம்-இல் (1 மில்லிவாட்) 5.3 மில்லிஆம்பியர். –40 டிபிஎம்-இல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலை வீசும்போது, 2.7 மில்லிஆம்பியர். பத்தாயிரம் மடங்கு குறைத்தும் பேட்டரிக்கு மிச்சம் பாதிதான். மீதியை அலைவரிசையை உருவாக்கும் சிந்தசைசரும் மற்றச் சுற்றுகளும் தின்கின்றன. கட்டுரைகளில் இந்தச் சுற்றுச் செலவைச் சேர்க்காமல் விட்டால் ஆசைகாட்டும் வளைவுகள் கிடைக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். அவர் தடம் 10 மடங்கு மோசம் என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? அவர் 10 டெசிபெல் அதிகம் தரும் ஒரு திசை ஆன்டெனாவைப் பிடித்தால் வித்தியாசம் பூஜ்யம், ரகசியமும் பூஜ்யம். ஏஇஎஸ்-ஐ உடைக்க அவருக்கு எந்த ஆன்டெனாவும் உதவாது.

ஆற்றலைக் குறைப்பது தவறு என்று சொல்லவில்லை. தேவைக்கு மேல் கத்தாதீர்கள். திறந்த வெளியில் 6 டெசிபெல் குறைத்தால் ஒட்டுக்கேட்கும் தூரம் பாதியாகும், பேட்டரிக்கும் கொஞ்சம் நல்லது. ஆனால் ரொம்பக் குறைத்து, பாக்கெட் தொலைந்து திரும்ப அனுப்ப ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். மிச்சம் பிடித்த மின்சாரம் போய்விடும், எதிராளிக்கும் கேட்க இன்னொரு வாய்ப்பு.

#7 ஷானன்தாசன்

@அலைநீளம் கொஞ்சம் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுகிறார். செயற்கை இரைச்சலை சென்சார்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? கோயலும் நெகியும் 2008-இல் எழுதிய முறையில், பல ஆன்டெனா உள்ளவர் தன் நண்பருக்குக் கேட்காத திசைகளில் மட்டும் இரைச்சலை வீசுவார். சென்சாரில் ஒரே ஆன்டெனா, அதனால் அது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்வே மின் இணைப்பில் இருக்கிறது. சென்சார் பேசும் அந்த ஒரு மில்லிவினாடிக்கு கேட்வே இரைச்சலை வீசட்டும், தான் வீசியது தனக்குத் தெரியும் என்பதால் கழித்துக்கொள்ளட்டும். பேட்டரிச் செலவு பூஜ்யம்.

சாவியையும் ரேடியோவிலிருந்தே எடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே தடத்தை அளக்கின்றன, ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். சுவரும் பொருளும் சிதறடிக்கும் சூழலில், அரை அலைநீளம் தள்ளி நிற்பவருக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸில் வெறும் 6 சென்டிமீட்டர், வேறு அளவுகள் கிடைக்கும். மவுரர் 1993-இல் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டுவிட்டார்.

#8 அலைநீளம்

நல்ல எதிர்வாதம். ஆனால் அந்தக் கட்டிடத்தை மனதில் வரைந்து பாருங்கள். கேட்வே வீசும் இரைச்சல் எங்கே பலமாக இருக்கும்? கேட்வேக்கு அருகில். ஒட்டுக்கேட்பவர் எங்கே நிற்பார்? சென்சார் இருக்கும் ஜன்னலுக்கு வெளியே. அங்கே சென்சார் பலமாகக் கேட்கும், கேட்வேயின் இரைச்சல் இரண்டு சுவர் தாண்டி மெலிந்து வரும். இரைச்சல் போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் அது குறைவு. அதற்காகக் கூட்டினால் கேட்வேயே தன் இரைச்சலைக் கழிக்கத் திணறும். ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் வேண்டும், அனுப்புவது கேட்பதைவிடக் கோடி மடங்கு பலமாக இருக்கும். அது மலிவான வேலை இல்லை. 2.4-இல் பக்கத்து வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் வேண்டுமென்றே கெடுப்பது விதிமுறைப்படியும் சிக்கல்.

தடத்திலிருந்து சாவி எடுப்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய சென்சாரும் சுவரில் ஒட்டிய கேட்வேயும் இராத்திரி முழுக்க ஒரே அளவைத்தான் காட்டும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அளந்து சாவி செய்ய முடியாது. கையில் கட்டும் கருவி, நகரும் வண்டி என்றால் பேச்சு வேறு.

#9 ஷானன்தாசன்

நகரும் கருவிகளுக்கு ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மற்றதை நான் இன்னும் விடவில்லை. ஏஇஎஸ்-இன் பாதுகாப்பு ‘யாராலும் இதுவரை முடியவில்லை’ என்பதில் நிற்கிறது, வைனருடையது தேற்றத்தில் நிற்கிறது. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

#10 தூக்கநிலை

தேற்றத்தின் முதல் வரியே ‘ஒட்டுக்கேட்பவரின் தடம் மோசமாக இருந்தால்’ என்று தொடங்குகிறது, அதை யார் உறுதி செய்வது என்று அலைநீளம் ஏற்கெனவே கேட்டுவிட்டார். மேலே போவோம்.

@மின்மினி, உங்கள் ‘பாதி ஆயுள்’ நண்பர் அளந்தது எது என்று எனக்கு ஒரு ஊகம். ஹேண்ட்ஷேக்கை, அதாவது இரண்டு பக்கமும் சாவியை ஒத்துக்கொள்ளும் ஆரம்பப் பேச்சை, அளந்திருப்பார். ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் சான்றிதழோடு முழு டிடிஎல்எஸ் (இணையப் பாதுகாப்பு நெறிமுறை) ஹேண்ட்ஷேக் செய்தால் சில கிலோபைட் போய்வரும். அதைவிடக் கொடுமை, பதிலுக்காக ரிசீவரைத் திறந்துவைத்துக் காத்திருப்பது. கேட்பதற்கும் அனுப்பும் அளவுக்கே மின்சாரம் வேண்டும், பல சிப்களில் இன்னும் கூடுதலாகவே. 2 வினாடி காத்திருந்தால் 30 மில்லிஜூல். கீழ்நிலைபிட் கணக்குப்படி அது இரண்டரை நாள் குறியாக்கச் செலவு, ஒரே தடவையில். நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் நாளைக்கு 43 ஜூல். 2,400 ஜூல் பேட்டரி இரண்டு மாதம் தாண்டாது. பட்டன் பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு, இழுவை நீண்டால் வோல்டேஜ் சரியும். கணக்கில் மிச்சம் இருக்கும்போதே சிப் ரீசெட் ஆகிவிடும்.

ஆக, ஹேண்ட்ஷேக்கை ஒருமுறை செய்து, அதில் பிறந்த சாவியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுங்கள். இதற்காகவே நெறிமுறைகள் வந்திருக்கின்றன. டிடிஎல்எஸ் என்றால் இணைப்பு அடையாள எண் வசதியைப் போடுங்கள் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9146), சென்சாரின் முகவரி மாறினாலும் பழைய அமர்வு தொடரும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் எட்ஹாக் என்ற சிறிய சாவிப் பரிமாற்ற முறையைப் பாருங்கள், 2024-இல் ஆர்எஃப்சி 9528 ஆக வந்தது. மூன்று செய்திகளில் சாவிப் பரிமாற்றம் முடியும், மூன்றும் சேர்ந்து 101 பைட் வரை சுருங்கும். அதன் மேல், செய்திகளை மறைக்க, ஆஸ்கோர்.

ஏதோ ஒரு நூலகத்தை எடுத்துப்போட்டு, அதன் இயல்பு அமைப்பில் விட்டுவிட்டு, ‘குறியாக்கம் பேட்டரியைத் தின்கிறது’ என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

#11 மின்மினி

கேட்டுப் பார்த்தேன். அவர் சோதித்த ஃபர்ம்வேர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது ரேம் அணைந்துவிடுகிறதாம், விழித்ததும் புது ஹேண்ட்ஷேக்காம். தூக்கநிலை சொன்னது அப்படியே பொருந்துகிறது!

இனி சாவியை ஃபிளாஷில் வைத்துக்கொள்ளலாம். கவுண்டரையும் அங்கேயே எழுதினால் போதுமா?

#12 கீழ்நிலைபிட்

நில்லுங்கள், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள்.

சிசிஎம்-இல் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் (கவுண்டரை வைத்துச் செய்யும், ஒருமுறை மட்டும் பயன்படும் எண்) இரண்டாம் முறை வரவே கூடாது. வந்தால் இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரே பிட் ஓடை. ஒட்டுக்கேட்பவர் இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் ஓடை மறைந்துபோய், இரண்டு தகவல்களின் வித்தியாசம் வெறுமனே நிற்கும். உங்கள் தகவல் வெப்பநிலையும் கதவு நிலையும். ஊகிக்கக் கஷ்டமே இல்லை. 2017-இல் வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-ஐ ஆட்டிவைத்த கிராக் தாக்குதலும் இந்த வகைதான். மாத்தி வான்ஹோஃப் காட்டியது, ஹேண்ட்ஷேக்கின் மூன்றாம் செய்தியைத் திரும்ப அனுப்பவைத்து, பழைய சாவியை மறுபடி நிறுவச் செய்து, நான்ஸ் கவுண்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ளலாம் என்று. ஏஇஎஸ் உடையவே இல்லை, கவுண்டர்தான் உடைந்தது.

உங்கள் சென்சாரில் இதே விபத்துக்கு எதிராளிகூட வேண்டாம். யாராவது பேட்டரி மாற்றினால் போதும். ரேமில் இருந்த கவுண்டர் போய்விடும், சாவி ஃபிளாஷில் பத்திரமாக இருக்கும். மறுபடி பூஜ்யத்திலிருந்து அதே நான்ஸ்கள்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஃபிளாஷில் எழுதலாம்தான். ஆனால் ஃபிளாஷ் எழுதுவதும் அழிப்பதும் ரேடியோ அளவுக்கே மின்சாரம் கேட்கும், ஒரு பக்கத்தைப் பத்தாயிரம் முறை அழித்தால் அதன் உத்தரவாத ஆயுளும் பொதுவாக முடிகிறது. நிமிடத்துக்கு ஒரு அழிப்பு என்றால் ஒரு வாரத்தில் பத்தாயிரம்.

செய்ய வேண்டியது இது. ஃபிளாஷில் கவுண்டரை எழுதாமல் அதன் வரம்பை எழுதுங்கள். முதலில் 1,024 என்று எழுதிவிட்டு 0-விலிருந்து பயன்படுத்துங்கள். 1,024-ஐ நெருங்கும்போது 2,048 என்று எழுதுங்கள். நடுவில் எப்போது செத்துப் பிழைத்தாலும் ஃபிளாஷில் உள்ள வரம்பிலிருந்து தொடங்குங்கள். அதிகபட்சம் ஆயிரத்துச் சொச்சம் எண்கள் வீண். 4 பைட் கவுண்டரில் 429 கோடி எண்கள் இருக்கின்றன, நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணாயிரம் வருடம் வரும். வீணடிக்கப் பயப்பட வேண்டாம். நாளைக்கு 1,440 முறை எழுதுவதற்குப் பதில் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. ஒரே ஒரு கவனம்: புது வரம்பு ஃபிளாஷில் உட்கார்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே அந்த எல்லைக்குள் அடியெடுத்து வையுங்கள்.

நான்ஸை ரேண்டமாக எடுத்துவிடலாமே என்று அடுத்து ஒருவர் கேட்பார். ரேண்டம் என்றால் முழு நான்ஸையும் காற்றில் அனுப்ப வேண்டும், பாக்கெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பைட். கவுண்டர் என்றால் அதையும் சுருக்கலாம். லோராவானில் 32 பிட் கவுண்டரில் கீழ் 16 பிட்தான் காற்றில் போகிறது, மேல் பாதியை இரண்டு பக்கமும் தானே நினைவில் வைத்துக்கொள்கின்றன, எம்ஐசி மட்டும் முழு 32 பிட்டுக்கும் கணக்கிடப்படுகிறது. அழகான சிக்கனம்.

#13 கேள்விக்குறி

சரி, நான் கட்சி மாறிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று இடிக்கிறது. நடமாட்ட சென்சார் ஆள் வந்தால் மட்டும் பாக்கெட் அனுப்புகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எதற்கு? பாக்கெட் வந்தாலே ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

#14 தூக்கநிலை

இந்த இழையின் சிறந்த கேள்வி. கவரை ஒட்டிவிட்டோம், தபால்காரர் எப்போது வந்தார் என்பதைத் தெரு முழுக்கப் பார்க்கிறது.

நீளத்தை மறைப்பது சுலபம். எல்லாப் பாக்கெட்டையும் ஒரே நீளத்துக்கு நிரப்புங்கள், ஐந்தாறு பைட் கூடும், இரண்டு மூன்று மைக்ரோஜூல். நேரத்தை மறைப்பதுதான் உண்மையாகவே மின்சாரம் கேட்கிறது. ஒரே வழி, நிகழ்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடிகாரப்படி அனுப்புவது. விழிப்பது, கிரிஸ்டல் நிலைக்கு வருவது, அனுப்புவது, ஒப்புகைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 100 மைக்ரோஜூல் என்று வைப்போம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 0.14 ஜூல். தூக்கச் செலவு மட்டும் இருந்தபோது காகிதத்தில் 12, 13 வருடம் வந்த பேட்டரி பத்து வருடம் வரும். நிமிட அளவு தாமதம் போதும் என்றால் இதை யோசிக்காமல் செய்யலாம்.

5 வினாடிக்கு ஒருமுறை வேண்டும் என்றால் நாளைக்கு 1.7 ஜூல், மொத்தம் மூன்று வருடம். உங்கள் செலவு முடிவு இங்கேதான் இருக்கிறது. ஏஇஎஸ்-ஆ, சிறு கருவிகளுக்கான ஆஸ்கான் குறியாக்கமா, 4 பைட்டா 8 பைட்டா என்பதில் எல்லாம் இல்லை. ஒட்டுக்கேட்பவருக்கு நேரம் தெரியாமல் இருக்க எத்தனை வருட பேட்டரியைக் கொடுக்கத் தயார்?

பாதி வழி ஒன்றும் உண்டு. கதவு, நடமாட்ட சென்சார்களுக்கு மட்டும் கடிகார முறை வையுங்கள். வெப்பநிலைக்கு ஏற்கெனவே கடிகார முறைதான். அனாவசியமாக எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

#15 ரவுட்டர்ரசிகன்

ஆஸ்கான் பேச்சு வந்ததால் ஒரு வரி. அமெரிக்கத் தர நிறுவனம் நிஸ்ட் 2023-இல் சிறு கருவிகளுக்கென்று தேர்ந்தெடுத்தது அதைத்தான். ஏஇஎஸ் சுற்று இல்லாத மிகச் சிறிய சிப்பில் நல்ல தேர்வு. உங்களிடம் சுற்று இருக்கிறது, மாறத் தேவையில்லை.

நான் வைஃபை சென்சார்களோடு மல்லுக்கட்டுபவன், அங்கேயும் கதை இதேதான். டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3-இன் எஸ்ஏஇ (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்) ஹேண்ட்ஷேக் சின்னப் புராசசருக்குக் கனமான கணக்கு. ஆனால் அதில் பிறக்கும் பிஎம்கே சாவியை இரண்டு பக்கமும் நினைவில் வைத்துக்கொண்டால் மறுமுறை சேரும்போது எஸ்ஏஇ-யைத் தாண்டிவிடலாம். ‘டபிள்யூபிஏ3 பேட்டரியைத் தின்கிறது, டபிள்யூபிஏ2-க்குப் போகிறேன்’ என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவும். டபிள்யூபிஏ2-வில் வீட்டுக் கடவுச்சொல் தெரிந்த யாரும், நீங்கள் இணையும் தருணத்தின் நான்கு செய்திகளைப் பிடித்துவிட்டால் உங்கள் பாக்கெட்டுகளைப் படிக்கலாம். எஸ்ஏஇ-யில் அது நடக்காது.

இன்னொன்று, குழுச் சாவியை (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது) ரவுட்டர் அடிக்கடி மாற்றினால் தூங்கும் கருவிகள் எல்லாம் அதற்காக எழ வேண்டும். எழாதவை இணைப்பிலிருந்து கழற்றிவிடப்படும், பிறகு முதலிலிருந்து சேர வேண்டும். அந்த இடைவெளியைப் பாருங்கள்.

#16 ஷானன்தாசன்

இன்று பதிவு செய்துவைத்துப் பின்னால் குவாண்டம் கணினியில் உடைக்கலாம் என்பதற்கு என்ன சொல்கிறீர்கள்? அதைத் தாங்கும் புதுக் குறியாக்கத்துக்கு மாறினால் பேட்டரி கதி?

#17 கீழ்நிலைபிட்

குவாண்டத்தைத் தாங்கும் சாவிப் பரிமாற்றமான எம்எல்-கெம் 768-இல் பொதுச்சாவி 1,184 பைட், மறைசெய்தி 1,088 பைட். இப்போது புழங்கும் எக்ஸ்25519-இல் பக்கத்துக்கு 32 பைட். பயங்கரமாகத் தெரிகிறது. ஆனால் 802.15.4-இல் 2,272 பைட்டும் சேர்ந்து தலைப்புகள் இல்லாமல் 1.1 மில்லிஜூல்தான். வருடத்துக்கு ஒருமுறை சாவி மாற்றுபவருக்கு இது ஒன்றுமே இல்லை. வலிக்கப்போவது லோரா போன்ற மெதுவான ரேடியோவில். அதன் மிக மெதுவான எஸ்எஃப்12 அமைப்பில் வினாடிக்கு 250 பிட், 1,184 பைட்டுக்கு 38 வினாடி. நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் பேசலாம் என்ற விதி உள்ள அலைவரிசையில், அந்த ஒரு சாவியை அனுப்பி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல்.

மின்மினிக்கு இது தேவையே இல்லை. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி 128 பிட் சாவி பதித்தால் பொதுச்சாவிக் கணக்கே வராது. குறை ஒன்றுதான், சென்சாரை ஒருவர் திருடிச் சாவியை எடுத்தால் பதிவு செய்துவைத்த பழையதெல்லாம் திறந்துவிடும். அதற்கும் ஒரு பைட்கூட அனுப்பாமல் வழி உண்டு. வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் சாவியை ஹாஷ் (ஒருவழிக் கணக்கு) செய்து, கிடைத்ததைப் புதுச் சாவியாக்கி, பழையதை அழித்துவிடுங்கள். எந்த வாரம் என்பதைக் கவுண்டரை வைத்தே முடிவு செய்தால் இரண்டு பக்கமும் பிசகாது. முன்னோக்கி ஹாஷ் செய்யலாம், பின்னோக்கி முடியாது. திருடிய நாளுக்குப் பிந்தையதை இது காக்காது, அதற்குப் புது சாவிதான் வேண்டும்.

#18 மின்மினி

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தது: தொழிற்சாலைச் சாவி, சிசிஎம், 8 பைட் எம்ஐசி, வரம்பு முறையில் கவுண்டர், வார ஹாஷ். கதவு, நடமாட்டத்துக்கு 15 வினாடிக் கடிகாரம். தூக்கநிலை கணக்கை வைத்துப் போட்டால் ஆறு வருடத்துக்கு மேல் வருகிறது. எங்களுக்கு ஐந்து போதும்.

கடைசியாக ஒன்று. பழைய ஜிக்பீ (802.15.4 மேல் ஓடும் வலையமைப்பு) கருவிகள் சிலவும் இதே கட்டிடத்தில் இருக்கின்றன. அவை ஏற்கெனவே ஏஇஎஸ்-தானே, அப்படியே விட்டுவிடலாமா?

#19 தூக்கநிலை

அவை எப்படிச் சேர்ந்தன என்பதைப் பொறுத்தது. ஜிக்பீயில் புதுக் கருவி சேரும்போது வலையமைப்புச் சாவி காற்றில்தான் வருகிறது. அதை மறைக்கப் பயன்படும் இயல்புச் சாவி ‘ஜிக்பீஅலையன்ஸ்09’ என்ற எழுத்துகள், உலகத்துக்கே தெரியும். அந்தச் சில வினாடிகளில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் முழு வலையமைப்பும் அவர் கையில். ஜிக்பீ 3.0 கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி நிறுவல் குறியீடு உண்டு, பெரும்பாலும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். அதை வைத்துச் சேருங்கள், பேட்டரிக்கு ஒரு மைக்ரோஜூல்கூடக் கூடாது. குறியீடு இல்லாத பழையவற்றை வேறு வலையமைப்பில் தனியாகப் போடுங்கள். வலையமைப்புச் சாவியையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள், அதுவும் பழையவற்றைப் பிரித்த பிறகு. இல்லாவிட்டால் புதுச் சாவி அவற்றுக்கும் போய்விடும்.

அப்புறம் கேட்வேயில் ‘சேர அனுமதி’ எப்போதும் திறந்தே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல இடங்களில் நிறுவிய அன்று திறந்தது, அப்படியே இருக்கும்.